இடமின்மை காரணமாக

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

நம் கல்லூரியின் முன்னாள் மாணவியர் இதழில் ‘புதிய நூல்கள்’ பக்கத்துக்காகத் தாங்கள் அனுப்பிய ‘ஓசை நுழையும் வழி’ என்ற நூல் கிடைத்தது. நன்றி.

இதுவரை எல்லோருக்கும் அனுப்புகிற வாசகம். இதற்கு மேல் உன்னை என்னவென்று அழைப்பது என்று தெரியாமல் வெகு நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். விடுதியில் மூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தபோது நீ நெட்டை, நான் குருவி. நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அப்பா எல்லோர் முன்னாலும் என்னைத் திருத்தினார். "இனிமே வாடி போடி எல்லாம் கூடாது. அண்ணின்னு மரியாதையா கூப்பிடு." நீ அந்த வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. விவாகரத்தானவளை அண்ணி என்று எழுதலாமா கூடாதா என்று எந்த இலக்கணத்திலும் இல்லை. பாடநூல் அலுவலகத்தில் பிழை திருத்துகிறவள் சொல்கிறேன், தேடிப் பார்த்துவிட்டேன்.

நீ இப்போது நம் கல்லூரியிலேயே இயற்பியல் எடுக்கிறாய் என்பதும் பின்னட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

புத்தகம் நன்றாக இருக்கிறது. முகத்துதி இல்லை. உள்காதில் இருக்கும் நுண்முடிகளைப் பற்றி, ஒருமுறை சாய்ந்தால் அவை மறுபடி எழுந்து நிற்பதில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைப் படித்துக்கொண்டே பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய்விட்டேன்.

ஆனால் ஐந்தாம் இயலின் தொடக்கத்தில் மூன்று வரி இருக்கிறது. ‘இதை எழுதும் எனக்கு இடது காது கேட்காது. அது ஓர் அறையில் போனது. மீதியிருப்பதை வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.’ இப்படி எழுதிவிட்டு நீ பேருந்து ஒலிப்பானின் அதிர்வெண்ணுக்குப் போய்விட்டாய். என்னால் போக முடியவில்லை.

எந்த அறை? நான்கு சுவரும் கதவும் உள்ளதா, மற்றதா? எங்களுக்கெல்லாம் உனக்குக் காதில் சீழ் பிடித்தது என்றுதானே தெரியும். சத்தமான ஆய்வறை எதிலாவது நடந்ததா? அப்படியானால் அடுத்த பதிப்பில் ‘ஓர் ஆய்வறையில்’ என்று போட்டுவிடேன். இரண்டு எழுத்துதான் கூடும்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. அண்ணனுக்கு மே மாதம் கல்யாணம். பெண் நம் கல்லூரிதான், நமக்குப் பத்து வருஷம் இளையவள், ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். அப்பா இல்லை, அம்மா மட்டும். முதல் முறை பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்கதான் அந்தப் பக்கத்தைப் போடறீங்களா? அதுல வர்ற புக்கெல்லாம் ஒண்ணு விடாம எங்க லைப்ரரிக்கு வாங்கிடுவேன். வாங்கி எல்லாத்தையும் நானே முதல்ல படிச்சிடுவேன்."

உன் பெயர் அவளுக்குத் தெரியும். முதல் கல்யாணத்தைப் பற்றி அப்பா அவர்களிடம் என்னவோ சொல்லியிருக்கிறார், என்னவென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இந்த இதழில் வேண்டாம், அடுத்ததில் போடட்டுமா? ஆறு மாதம்தானே.

குருவி


பிப்ரவரி 21

குருவி,

பேராசிரியரும் வேண்டாம், அண்ணியும் வேண்டாம். கூப்பிட்டுப் பழகிய பெயரே இருக்கட்டும்.

போன் செய்யாமல் எழுதியது நல்லதாயிற்று. மிச்சமிருக்கும் வலது காதும் போனில் மக்கர் செய்கிறது. ‘பத்து’ என்றால் ‘கத்து’ என்று விழுகிறது. வகுப்பில் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து உதட்டைப் பெரிது பெரிதாக அசைத்துச் சந்தேகம் கேட்கிறார்கள். மீன்தொட்டிக்குப் பாடம் நடத்துவது போலிருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: அந்த அறைக்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் நான் மருந்துக்கடையில் உன் அண்ணனுக்கு ஒத்தாசையாக நிற்பேன், உனக்குத் தெரியும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி வந்தாள். அவர் வாய் தவறிப் பெரியவர்களுக்கான அளவைச் சொல்லிவிட்டார். நான் திருத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டு புரொபசர் சொன்னா அது கரெக்டாத்தான் இருக்கும்" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, கடைச்சாவியை ஆணியில் மாட்டி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். கோபமாகக்கூட இல்லை. ஒரு வேலையை முடிக்க வந்தவர் மாதிரி வந்தார். அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கி வழிவதைக் கண்ணால் பார்த்தேன், அடுப்பு சீறியது வலது பக்கத்தில் மட்டும் கேட்டது.

மறுநாள் நீ வந்தாய். சீழ் பிடித்திருக்கிறது என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பஞ்சு வாங்கிக்கொண்டு வந்து, "தண்ணி படாம பாத்துக்கோங்க அண்ணி" என்றாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ என்னை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குச் சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் போய்விட்டது. குருவியாக இருந்தவளிடம் சொல்லியிருப்பேன். என் முன்னால் நின்றது அவருடைய தங்கை.

அடுத்த இதழ் என்கிறாய். பக்கம் உன்னுடையது. நான் சம்மதிக்கவும் மாட்டேன், கெஞ்சவும் மாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அந்தப் பெண்ணுக்கு நானே எழுதினால், மூத்தவளுக்கு வயிற்றெரிச்சல் என்பார்கள். நீ போய்ச் சொன்னால் கூடப் பிறந்தவனுக்கே குழி பறிக்கிறாள் என்பார்கள். பட்டியலில் இருக்கும் ஒரு புத்தகத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவள் வாங்குவாள், படிப்பாள், நீ நின்ற வரியில் அவளும் நிற்பாள். பிறகு அவளாயிற்று, அவள் புத்தியாயிற்று. நான் ஆசைப்படுவது அவ்வளவுதான்.

நெட்டை


மார்ச் 6

அண்ணி அவர்களுக்கு,

வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை.

அண்ணனிடம் கேட்டேன். உங்கள் கடிதத்தைக் காட்டவில்லை, வாயால்தான் கேட்டேன். கடையில் ஆளில்லாத மத்தியான நேரம். மாத்திரை அட்டையை நறுக்கிக்கொண்டிருந்தார். "நீங்க அண்ணியை அடிச்சீங்களா?" என்றதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கண் நிறைந்துவிட்டது. "ஒரே ஒரு தடவை. கை நீண்டுடுச்சு. அதுக்கப்புறம் நான் எத்தனை நாள் சோறு இறங்காம இருந்தேன்னு உனக்குத் தெரியாதும்மா" என்றார். அண்ணன் அழுது நான் பார்த்தது அம்மா போன அன்று மட்டும்தான்.

அப்பாவிடமும் பேசினேன். "ஆறின புண்ணை எதுக்கு நோண்டற? வயசு ஏறிக்கிட்டே போகுது, அவனும் ஒரு மனுஷன்தானே" என்றார்.

நடந்தது தப்பு. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை கை நீண்டதற்காக ஒருவர் ஆயுசு முழுக்கத் தனியாகக் கிடக்க வேண்டுமா? என்னைப் படிக்க வைத்தவர் அவர். விடுதிக்கு மாதம் தவறாமல் தின்பண்டப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றவர். அந்தப் பெட்டியிலிருந்து நீங்களும்தான் தின்றீர்கள். அவரை உங்களுக்குப் பிடித்ததே அங்கேதானே.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளிடம் சொல்லாததை அச்சிலேற்றி ஊருக்குச் சொல்கிறீர்கள். அதுவும் ஒளித்து, இரண்டு அர்த்தம் வைத்து. சொல்வதென்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லியிருக்கலாம்.

பக்கம் நேற்று அச்சுக்குப் போய்விட்டது. உங்கள் நூல் அதில் இல்லை. ‘இடமின்மை காரணமாகச் சில நூல்கள் அடுத்த இதழில் இடம்பெறும்’ என்று அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 18

குருவி,

எழுத வேண்டாம் என்றாய். இதழ் வந்திருக்கிறது, இதை ஒரு வாசகர் கடிதம் என்று வைத்துக்கொள்.

எங்கள் தாவரவியல் துறைத் தலைவரின் பாசிகள் பற்றிய நூல் இருக்கிறது. நம்மோடு படித்து வழக்கறிஞரானவள் எழுதிய வாடகைச் சட்ட விளக்கம் இருக்கிறது. மூன்று கவிதைத் தொகுப்புகள், மூன்றிலும் மழை. எல்லாவற்றையும் அழகாக அறிமுகம் செய்திருக்கிறாய். உன் கை எப்போதுமே சுத்தம். இடமின்மை என்கிற வரிக்கு நேர் மேலே உள்ளங்கை அகலத்துக்கு இடம் காலி. அதில் ஒரு ரோஜாப்பூ படம் போட்டிருக்கிறது. நீ பொறுக்கியதா?

உன் அண்ணன் ஒரே தடவை என்று சொன்னதைப் பற்றி. செவிப்பறை கிழிந்தால் பெரும்பாலும் தானாகவே சேர்ந்துவிடும். மூன்றாம் இயலில் எழுதியிருக்கிறேன், நீயும் படித்திருப்பாய். அந்த ஞாயிற்றுக்கிழமை கிழிந்தது சேர்ந்துவிட்டது. சேர்ந்த பிறகு எப்படிக் கேட்காமல் போனது என்று நீ யோசித்திருக்கலாம். அடுத்த தடவைக்கெல்லாம் கடையில் கூட்டம் தேவைப்படவில்லை. சட்டையில் பொத்தான் இல்லாதது போதும். ஒன்றும் இல்லாததும் போதும்.

புத்தகத்தில் ‘ஓர் அறை’ என்று ஒருமையில் எழுதினேன். அந்த ஒருமைதான் உன் குடும்பத்துக்கு நான் காட்டிய மரியாதை.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

நெட்டை


ஜூன் 27

நெட்டை,

உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. படித்தேன். மடித்து வைத்தேன். கல்யாணம் நடந்துவிட்டது.

ரோஜாப்பூ நான் பொறுக்கியதில்லை. காலியிடம் இருந்தால் அச்சகத்தில் அவர்களாகவே எதையாவது போட்டு அடைப்பார்கள். ஆனால் காலியிடம் இருந்தது எனக்குத் தெரியும்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவள் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள், பெரிய சிரிப்பு, எதிர்வீட்டுக்குக் கேட்கும். என்னைவிடப் பத்து வயது சின்னவளை அண்ணி என்று கூப்பிட வேண்டுமாம். எனக்கும் வாய் வரவில்லை, அவளுக்கும் கூச்சம். கடைசியில் "லைப்ரரி" என்று கூப்பிடுகிறேன். சாப்பிட உட்கார்ந்தால் எந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று ஒப்பிப்பாள். அப்பாவே ஒருநாள் சோற்றை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அது கொஞ்சம் குறைந்திருக்கிறது. புது இடம் இல்லையா.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். பஸ் மாறிப் போக வேண்டியிருக்கிறதாம், கடைக்கும் ஒரு ஆள் வேண்டும் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறார். சீக்கிரம் வீட்டுக்கு வருகிறார். அவளை எங்கேயும் தனியாக அனுப்புவதில்லை, கூடவே போகிறார்.

போன வாரம் அங்கே போயிருந்தபோது சமையலறையில் என்னிடம் கேட்டாள். "அக்கா, அந்த இதழ்ல இடமில்லாம சில புக்கை விட்டுட்டீங்களே, அது என்னென்ன புக்கு? பேர் மட்டும் சொல்லுங்க." ஞாபகம் இல்லை என்றேன். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

நான் எதையும் பார்க்கவில்லை, நெட்டை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குருவி


ஜூலை 12

குருவி,

மூன்று கேள்வி. பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

வேலையை விடலாம் என்று முதலில் வாயெடுத்தது யார்? அவள் தன் அம்மாவுடன் போனில் பேசும்போது அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? அவள் கடைசியாக எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தது எப்போது?

இத்துடன் புத்தகத்தின் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். அவளுக்கு. முதல் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை, அன்பளிப்பு என்றுகூட எழுதவில்லை. இதழில் விட்டுப்போன புத்தகங்களில் ஒன்று என்று சொல்லி அவள் கையில் கொடு.

என் காதைப் பார்த்த மருத்துவர், வலது பக்கமும் அடுத்த வருஷத்துக்குள் முக்கால்வாசி போய்விடும் என்றார். காரணம் கேட்டேன். சில சமயம் ஒரு காது போனால் மற்றதும் துணைக்குப் போகும் என்று சிரித்தார். அவருக்கு அது நகைச்சுவை. எழுதி வைத்துக்கொண்டேன், அடுத்த புத்தகத்துக்கு ஆகும்.

நெட்டை


அக்டோபர் 3

நெட்டை,

உன் புத்தகத்தை நான் அவளிடம் கொடுக்கவில்லை. உறைகூடப் பிரிக்காமல் அலுவலக இழுப்பறையில் கிடக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி எழுத வராது.

போன வாரம் அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று அப்பா போன் செய்தார். நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை தங்கவில்லை.

வெளியே நாற்காலியில் அண்ணன் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நர்ஸ் என்னிடம், "ராத்திரி பகல் நகரவே இல்லைங்க. இப்படி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்றாள்.

துணி மாற்ற அவளுக்கு உதவி வேண்டியிருந்தது. அண்ணன் எழுந்தார், நான் போகிறேன் என்று கதவைச் சாத்தினேன். மேல்கையில் நான்கு விரல் பதிந்திருந்தது. பின்பக்கம் கட்டைவிரல். படிக்கட்டுக்குக் கட்டைவிரல் கிடையாது, நெட்டை.

"என்ன நடந்துச்சு?" என்றேன்.

"படியில வழுக்கிடுச்சுக்கா."

"எங்கிட்ட சொல்லலாம். நான் யார்கிட்டயும் போய் சொல்ல மாட்டேன்."

"நீங்க அவர் தங்கச்சிக்கா" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அவளுடைய அம்மா வந்து, "முதல் பிள்ளை இப்படி ஆகறது சகஜம்தான், மாப்பிள்ளை மனசு உடைஞ்சு போயிட்டாரு" என்று அண்ணனைத்தான் தேற்றிக்கொண்டிருந்தார். நான் காவல் நிலையத்துக்குப் போனேன். அவர்கள் மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, "அவங்களே விழுந்தேன்னு சொல்றாங்க. நீங்க யாரு?" என்றார்கள். அவள் நாத்தனார் என்றேன். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். வீடு திரும்புவதற்குள் விஷயம் அப்பாவுக்குப் போய்விட்டது. இனி அந்தப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அவளை அதே வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

நான் என்ன செய்யட்டும்? திட்டவாவது ஒரு வரி எழுது.

குருவி


அக்டோபர் 14

குருவி,

திட்டினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அதனால் திட்டப் போவதில்லை. மன்னிப்பும் என்னிடம் கேட்காதே. அது என்னிடம் இருப்பில் இல்லை, அந்தப் பெண்ணிடம் இருக்குமா என்றும் தெரியாது.

இழுப்பறையைத் திற. உறையைப் பிரி. புத்தகத்தை அவள் கையில் கொடு. படி ஏறக்கூடாது என்றார்களா, ஏறு.

நெட்டை


நவம்பர் 2

நெட்டை,

கொடுத்துவிட்டேன்.

அண்ணன்தான் கதவைத் திறந்தான். அப்பா உள்ளே இருந்து யாரென்று கேட்டார், ஒன்றுமில்லை என்றான். கையில் என்ன என்று புத்தகத்தை வாங்கினான். முன்னட்டையைப் பார்த்தான், திருப்பிப் பின்னட்டையில் உன் படத்தைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. "லைப்ரரி, உனக்கு புக்கு வந்திருக்கு பாரு" என்று கூப்பிட்டான். என் வாயிலிருந்து எடுத்த பெயர். அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். "படி. நல்லா எழுதுவா. கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி" என்று அவனே அவள் கையில் கொடுத்தான். பயமே இல்லை அவனுக்கு.

அவள் வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

இந்த இதழில் உன் நூலைப் போட்டிருக்கிறேன். முதலாவதாக. ரோஜாப்பூவும் இல்லை, இடமின்மையும் இல்லை. யாருக்கு என்ன பிரயோசனம். அடுத்த இதழிலிருந்து இந்தப் பக்கத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

குருவி


டிசம்பர் 9

குருவி,

அவள் இங்கே இருக்கிறாள்.

முந்தாநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். துறை வாசலில் இருக்கும் பெஞ்சில் ஒரு பெண், மடியில் ஒரு துணிப்பை. ஏதோ சொன்னாள், எனக்கு விழவில்லை. தன் பெயரைச் சொல்லவில்லை போலிருக்கிறது, உன் அண்ணன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள். அவள் உதட்டில் அந்தப் பெயரைப் படிக்க எனக்குக் காது தேவைப்படவில்லை.

வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பாடு போட்டேன். புத்தகத்தைப் படித்தாயா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். அவரு முன்னாடி திறக்க முடியல. அவரு இல்லாதப்பவும் முடியல."

"பின்னே எப்படி இங்க வந்த?"

"அட்டையில உங்க போட்டோ இருந்துச்சு. இந்த காலேஜ்லதான் வேலை பாக்கறீங்கன்னு போட்டிருந்துச்சு." தட்டை நகர்த்தி வைத்தாள். "பொண்ணு கேட்க வந்தப்ப, மூத்தவங்களுக்கு புத்தி பேதலிச்சுப் போச்சு, எங்கயோ விட்டு வச்சிருக்குன்னு சொன்னாங்க. அவரும் சொல்லுவாரு, நீயும் அவளை மாதிரி ஆயிடுவேன்னு. எனக்கே அப்படித்தான் தோண ஆரம்பிச்சுடுச்சு. புக்கைப் பார்த்ததும், புத்தி கெட்டவங்க புக்கு எழுதுவாங்களா, பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துவாங்களான்னு நினைச்சேன். அதான் வந்தேன்."

அப்பா அவர்களிடம் ‘என்னவோ சொல்லியிருக்கிறார்’ என்று நீ முதல் கடிதத்தில் எழுதினாய். அந்த என்னவோ இதுதான். ஏப்ரல் இதழில் வெறும் பெயரும் ‘நம் கல்லூரி இயற்பியல் பேராசிரியர்’ என்ற நான்கு சொல்லும் வந்திருந்தால் போதும். அவள் ஐந்தாம் இயல்வரை படிக்கவே வேண்டியிருந்திருக்காது.

இதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருப்பது போதும் என்று தோன்றியது.

அவளைப் பார்க்க வராதே. அவள் கேட்டுக்கொண்டாள். தூங்குகிறாள், எழுந்தால் பாத்திரம் கழுவுகிறாள், கீழே எதையாவது போட்டுவிட்டால் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்கிறாள்.

ஒரு வேலை இருக்கிறது. இங்கே ஒரு பள்ளியில் நூலகர் இடம் காலியாக இருக்கிறது. சான்றிதழ் எல்லாம் அந்த வீட்டு இரும்பு அலமாரியில், அவளுடைய துணிகளுக்கு அடியில் ஒரு காக்கி உறையில் இருக்கிறதாம். அவள் போக முடியாது. நான் போக மாட்டேன். நீ போ.

நெட்டை


ஜனவரி 4

நெட்டை,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும்.

சான்றிதழ்கள் தனியாகப் பதிவுத் தபாலில் வருகின்றன. எல்லாம் இருக்கின்றன, சரிபார்த்துவிட்டேன். பட்டச் சான்றிதழில் ஒரு மூலை கசங்கியிருக்கும். அது பிடுங்கும்போது ஆனது.

கடை திறந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அப்பா திறந்தார், விலகிக்கொண்டார். அலமாரியிலிருந்து உறையை எடுத்துத் திரும்பினால் அவன் நிற்கிறான். அப்பா போன் செய்திருக்க வேண்டும். "அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும்" என்றான். தெரியும், சொல்ல மாட்டேன் என்றேன். உறையைக் கேட்டான். நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். "கொடும்மா" என்றான். கையை முறுக்கும்போதும் அதே குரல்தான். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு சுடுசொல் சொல்லாத அண்ணன். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கும் கேட்டது. கேட்ட பிறகும் உடனே விடவில்லை.

அப்பா பக்கத்தில்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

உறையை விடவில்லை நான். அதை மட்டும் அவளிடம் சொல். வேண்டாம், அதையும் சொல்லாதே.

மருத்துவமனையில் ஒரு சின்ன வயது டாக்டர். "வழுக்கி விழுந்தீங்களா?" என்று அவரே கேட்டு அவரே எழுத ஆரம்பித்தார். அதை அடித்துவிடுங்கள் என்றேன். யார் செய்தது என்று பெயரோடு சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். மெதுவாகச் சொல்லுங்கள் என்று வேறு தாள் எடுத்தார்.

அந்தத் தாளோடு நேராகக் காவல் நிலையத்துக்குப் போனேன். முன்பு சிரித்தவர்களில் ஒருவர் அன்றும் இருந்தார். என் கையைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். புகார் எழுதித் தரச் சொன்னார்கள், எழுத முடியாது என்றேன். ஒரு பெண் காவலர் எதிரில் உட்கார்ந்து தாளை நேராக்கிக்கொண்டு, "முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

உன் காதிலிருந்து ஆரம்பித்தேன்.

குருவி